சிறுநீரகம்: ரிப்போர்ட் வாங்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

மதுரையில் கோரிப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். பெரியாஸ்பத்திரிக்கு வந்தவர்கள், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வெறும் வயிற்றோடு வந்தவர்கள் என்று காலை ஆறரைக்கே வாசலில் ஆள் நிற்கும். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் அவர்கள் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். கூட்டத்தில் பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது, மீதியை இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் ரிப்போர்ட்டுக்கு என்ன மருந்து என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். இந்த உறுப்பு எப்படி வேலை செய்கிறது என்பது வரைக்கும் என்னால் சொல்ல முடியும்.

சிறுநீரகம் உடம்பில் எங்கே இருக்கிறது?

பலர் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டுகிறார்கள். அங்கே இருப்பது சிறுநீர்ப்பை. இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, கட்டைவிரல்கள் முதுகுப் பக்கம் வருகிற மாதிரி நில்லுங்கள். அந்தக் கட்டைவிரல்களுக்குக் கொஞ்சம் மேலே, கடைசி விலா எலும்புகளின் மறைவில், முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக இருக்கின்றன. குடலுக்கெல்லாம் பின்னால், முதுகுச் சதையை ஒட்டி. வலது பக்கம் மேலே கல்லீரல் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் வலது சிறுநீரகம் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். ஸ்கேனில் "வலது பக்கம் இறங்கியிருக்கு" என்று பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்.

இடுப்பு வலித்தால் கிட்னிப் பிரச்சினையா?

பெரும்பாலும் இல்லை. குனிந்து நிமிர்ந்தால் கூடுகிற வலி, மூட்டை தூக்கியதும் வந்த வலி எல்லாம் சதை, எலும்பு சம்பந்தப்பட்டவை. கல் அடைத்த வலி விலாவில் தொடங்கித் தொடை இடுக்கு வரை அலை அலையாக இறங்கும். எப்படிப் படுத்தாலும் நிற்காது. சிறுநீரகம் மெல்ல மெல்லச் செயலிழக்கும்போதோ வலியே இருக்காது. எனக்கு மிகவும் கவலை தருவது இந்த விஷயம்தான்.

உள்ளே எப்படி இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போனால் நீங்களே பார்த்துவிடலாம். ஆட்டின் குண்டிக்காயை ஒன்று வாங்கி வாருங்கள். வெள்ளைக் கொழுப்புக்குள் புதைந்திருக்கும். நம் உடம்பிலும் இதே மாதிரி ஒரு கொழுப்பு மெத்தைதான். கொழுப்பை எடுத்தால் வழவழப்பான, அவரை விதை வடிவத்தில் ஒரு கரும்பழுப்புக் காய். நகத்தால் கீறினால் மேலே கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய உறை உரிந்து வரும். இப்போது கத்தியால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பாருங்கள். வெளிச்சுற்று பொடிமணல் மாதிரி இருக்கும், அது புறணி. உள்சுற்றில் கோடு கோடாக ஓடி நடுவை நோக்கிக் குவியும், அது அகணி. நடுவில் வெள்ளையாக ஒரு குழி. உருவாகிற சிறுநீரெல்லாம் அந்தக் குழியில் சேர்ந்து, அங்கிருந்து ஒரு குழாய் வழியாக வெளியேறும். பிளந்த பாதியை விரலில் தூக்கினால் அந்தக் குழாயின் துண்டும், பக்கத்தில் ரத்தக் குழாய்களின் துண்டும் தொங்கும்.

மனிதனுடையது இதைவிடப் பெரியது. நீளம் 10 முதல் 12 சென்டிமீட்டர், எடை சுமார் 150 கிராம். இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஆட்டுக்கு அகணி ஒரே மேடாக ஒட்டியிருக்கும். நமக்கு அது 8 முதல் 18 வரையிலான தனித்தனிக் கூம்புகளாகப் பிரிந்திருக்கும். என் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பாடத்தில் படம் மனசில் நிற்கவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படிப் பிளந்து காட்டினேன். அப்புறம் படம் பார்க்க வேண்டிய வேலையே வரவில்லை.

வடிகட்டி என்கிறார்களே, காபி வடிகட்டி மாதிரியா?

அது பாதி உண்மை. மீதிப் பாதி இன்னும் அழகானது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்குழல்கள் இருக்கின்றன. நெஃப்ரான் என்று பெயர். ஒவ்வொன்றின் தலையிலும் நூல்கண்டு மாதிரி ஒரு ரத்தக்குழாய்ச் சுருள், அதைச் சுற்றி ஒரு கிண்ணம். வில்லியம் பௌமன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1842இல் இதை விவரித்ததால் அதைப் பௌமன் கிண்ணம் என்கிறோம். இதயம் அனுப்புகிற ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல், இந்த இரண்டு உறுப்புகளுக்கும் வருகிறது. இரண்டும் சேர்ந்து உடல் எடையில் இருநூறில் ஒரு பங்குதான் இருக்கும். அதற்கு இவ்வளவு ரத்தம்!

அந்தச் சுருள்களில் ரத்த அழுத்தத்தால் நீர் பிழியப்பட்டுக் கிண்ணத்தில் விழுகிறது. ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் உள்ளேயே நின்றுவிடும். தண்ணீர், உப்பு, சர்க்கரை, யூரியா எல்லாம் வெளியே வந்துவிடும். இப்படி ஒரு நாளில் வடிவது சுமார் 180 லிட்டர். நாம் வீட்டுக்கு வாங்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன் கணக்கில் ஒன்பது கேன். ஆனால் நாம் கழிக்கும் சிறுநீர் ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதி எங்கே போனது? கிண்ணத்தை அடுத்த நீளக் குழலில் போகும்போதே ரத்தத்துக்குத் திரும்பிவிட்டது. வடிந்த தண்ணீரில் நூற்றுக்கு 99 பங்கு திரும்பிவிடுகிறது. சர்க்கரை, நல்ல உடம்பில், ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடுகிறது.

பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கும்போது என்ன செய்வோம்? சாமான் எல்லாவற்றையும் வாசலில் இறக்கிவிட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப உள்ளே கொண்டுபோவோம். எது குப்பை என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்க வேண்டியதில்லை. எது வேண்டும் என்று தெரிந்தால் போதும். சிறுநீரகம் இதை நாள் முழுக்கச் செய்கிறது. நம் ரத்தத்தின் நீர்ப்பகுதி சுமார் 3 லிட்டர்தான். அது ஒரு நாளைக்கு 60 தடவை வாசலுக்கு வந்து வீட்டுக்குள் திரும்புகிறது. உடம்பு முன்பின் பார்த்திராத ஒரு பொருள் ரத்தத்தில் சேர்ந்தாலும், நீரில் கரைந்து வாசலுக்கு வந்துவிட்டால், உள்ளே கூப்பிட ஆளில்லாமல் வெளியே போய்விடும். வெறும் சல்லடைக்கு இந்த வித்தை வராது.

வெயில் காலத்தில் சிறுநீர் குறைந்து மஞ்சளாகிறதே?

அது சிறுநீரகம் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்வதன் அடையாளம். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க விடிய விடிய வைகைக்கரையில் நின்றவருக்கு வியர்வையிலேயே நிறைய நீர் போயிருக்கும். ரத்தம் சற்றுக் கெட்டிப்பட்டதும் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஒரு ஹார்மோன் வரும். "தண்ணீரை விடாதே, உள்ளே இழு" என்பதுதான் அது சொல்லும் சேதி. கண்மாயில் தண்ணீர் குறைந்தால் நீர்பாய்ச்சி மடையை இறக்கிவிடுவது போல. மழை பெய்து நிறைந்தால் கலுங்கு வழியாகத் தண்ணீர் தானாக வெளியேறும் இல்லையா, நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் தெளிந்து நிறையப் போவதும் அப்படித்தான்.

இப்படிச் சுண்ட வைக்க முடிவதற்குக் காரணம், அகணிக்குள் கொண்டை ஊசி மாதிரி இறங்கி ஏறும் குழல். 1862இல் அதைக் கண்டு விவரித்தவர் ஹென்லே என்ற ஜெர்மானியர். ரத்தத்தைவிட நான்கு மடங்கு வரை கெட்டியாகச் சிறுநீரைச் சுண்ட வைக்க நம்மால் முடியும். ஆனால் எவ்வளவு சுண்டினாலும், கழிவை ஏற்றிப்போக ஒரு நாளைக்கு அரை லிட்டராவது வேண்டும். அதற்குக் கீழே போனால் ஆபத்து.

அப்படியானால் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

நிழலில் வேலை பார்ப்பவருக்கு இரண்டு, இரண்டரை லிட்டர். வயலிலும் கட்டட வேலையிலும் நிற்பவருக்கு இன்னும் கூடுதலாக. சிறுநீர் வைக்கோல் தண்ணீர் நிறத்தில் இளமஞ்சளாகப் போனால் போதுமான தண்ணீர் குடிக்கிறீர்கள். இதய நோய் உள்ளவர்கள், சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. அவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் கொடுக்காதீர்கள். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியே தள்ள முடியாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். பாசத்தோடு கொடுக்கிற இளநீரே வினையாகிவிடும்.

மஞ்சள் தவிர வேறு நிறம் வந்தால்?

பழைய சிவப்பணுக்கள் உடைந்து வரும் நிறமியால்தான் மஞ்சள். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் பளீர் மஞ்சள். காசநோய் மாத்திரைக்கு ஆரஞ்சு. பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்குச் சிவப்பு. இவையெல்லாம் சரி. எதுவுமே சாப்பிடாமல் சிவப்பாகவோ, கடுங்காபி நிறத்திலோ போனால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். வலி இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம்.

சிறுநீரகத்திலிருந்து கீழே எப்படி இறங்குகிறது? அடக்கி வைத்தால் என்ன ஆகும்?

25 முதல் 30 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு சிறுநீர் நாளங்கள். அவற்றின் சுவர்ச் சதை அலை அலையாகச் சுருங்கிச் சொட்டுச் சொட்டாகக் கீழே தள்ளும். அதனால்தான் படுத்திருந்தாலும் இறங்குகிறது. சிறுநீர்ப்பையின் சுவருக்குள் நாளம் சாய்வாக நுழைவதால் பை நிறையும்போது அதன் வாய் தானாக அழுந்தி மூடிக்கொள்ளும், சிறுநீர் மேலே திரும்பாது. 150, 200 மில்லி சேர்ந்ததும் லேசாகத் தோன்றும். 400, 500 மில்லியில் அவசரம். பையின் வாயில் இரண்டு பூட்டுகள். உள்பூட்டு நம் பேச்சைக் கேட்காது, வெளிப்பூட்டுதான் நம் கையில். குழந்தைக்கு அந்த வெளிப்பூட்டு வசப்பட இரண்டு, மூன்று வயதாகும். அதற்கு முன் பிள்ளையை அடித்துப் பயனில்லை.

ஒருநாள் பஸ்ஸில் அடக்கினால் ஒன்றும் ஆகிவிடாது. தினமும் அடக்குவதுதான் தொல்லை. மாசி வீதிகளில் ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்கள் எங்களிடம் வருவார்கள். "கடையில பாத்ரூம் தூரம்க்கா, அதனால தண்ணியே குடிக்கிறதில்ல" என்று ஒரு பெண் சொன்னாள். இருபத்திரண்டு வயது. ஆறு மாதத்தில் மூன்றாவது முறை நீர்க்கடுப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இதையேதான் சொல்கிறார்கள். சுத்தமான கழிப்பறை பக்கத்தில் இல்லாத இடத்தில் "நிறையத் தண்ணீர் குடி" என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. கடை முதலாளியோ தலைமையாசிரியரோ இதைப் படித்தால், அந்த ஒரு கதவுக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

பெண்களுக்கு மட்டும் ஏன் நீர்க்கடுப்பு அடிக்கடி?

அமைப்பு அப்படி. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் சிறுநீர்ப் புறவழி பெண்களுக்கு 4 சென்டிமீட்டர்தான். ஆண்களுக்கு 18, 20 சென்டிமீட்டர். ஆசனவாய்ப் பக்கமிருந்து வரும் கிருமிக்கு அந்த 4 சென்டிமீட்டர் சீக்கிரம் ஏறிவிடக்கூடிய தூரம். கழுவும்போதும் துடைக்கும்போதும் முன்னிருந்து பின்னாகச் செய்யச் சொல்வது இதற்காகத்தான். எரிச்சல் நின்றதும் மாத்திரையைப் பாதியில் விடாதீர்கள். குளிர் காய்ச்சலும் விலாவில் வலியும் சேர்ந்தால் கிருமி மேலே சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம், உடனே போக வேண்டும். கர்ப்பிணிகள் எரிச்சல் இல்லாவிட்டாலும் சிறுநீர்ப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

வயதான ஆண்கள் ராத்திரியில் நாலைந்து முறை எழுந்திருப்பது?

சிறுநீர்ப்பைக்குக் கீழே புறவழியைச் சுற்றி இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வயதானால் பெருத்து வழியை நெருக்கும். மருந்து இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு ஐயாமார் சொல்லாமல் இருப்பதுதான் சிக்கல். சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கல் எப்படி உண்டாகிறது? போர் தண்ணீர்தானே காரணம்?

பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட். சிறுநீர் சுண்டிப்போனால் அதில் கரைந்திருப்பது படிகமாகும். உப்பளத்தில் நடப்பதுதான். அது நாளத்தின் குறுகலான இடங்களில், முக்கியமாகச் சிறுநீர்ப்பைக்குள் நுழையும் வாயில், சிக்கும்போதுதான் அந்த உயிர்போகிற வலி. 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் தானாக வெளியேற வாய்ப்பு அதிகம்.

போர் தண்ணீரின் உப்பு நேராகக் கல்லாகிறது என்பது ஆராய்ச்சிகளில் உறுதிப்படவில்லை. தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று குறைவாகக் குடிப்பது நிச்சயம் காரணமாகும். இன்னொரு தப்பையும் நிறையப் பேர் செய்கிறார்கள், பால் தயிரை நிறுத்திவிடுகிறார்கள். உணவில் வரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றிவிடும், அதனால் அது நல்லதுதான். குறைக்க வேண்டியது உப்பை. ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாம் கணக்கில் வரும். எலுமிச்சைச் சாறு நல்லது, ஆனால் உப்புப் போடாமல். வாழைத்தண்டு, சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவர்களுக்குத் தீங்கில்லை. தண்ணீருக்கு அது மாற்று ஆகாது.

"ரத்தத்தில் உப்பு கூடிப்போச்சு" என்றார் டாக்டர். உப்பே போடாமல் சாப்பிடுகிறேன், இன்னும் குறையவில்லையே?

எங்கள் கவுன்ட்டரில் இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. கள்ளந்திரியிலிருந்து வந்த ஓர் அப்பத்தா ரிப்போர்ட்டை என் முன்னால் நீட்டி, "ஆறு மாசமா கஞ்சிக்குக்கூட உப்புப் போடலத்தா, எப்படிக் கூடும்?" என்று கண் கலங்கினார். நம் ஊரில் புரிவதற்காக "உப்பு" என்று சொல்வது கிரியாட்டினினை. சாப்பாட்டு உப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தசைகள் வேலை செய்யும்போது நாள்தோறும் உண்டாகும் கழிவு அது. சிறுநீரகம் அதை வெளியே தள்ளாவிட்டால் ரத்தத்தில் தேங்கும். யூரியா வேறு, அது புரதத்திலிருந்து கல்லீரலில் உண்டாவது. சாப்பாட்டு உப்பைக் குறைப்பதும் தேவைதான். அது ரத்த அழுத்தத்துக்காக.

ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 0.6 முதல் 1.2 வரை சரி என்று அச்சிட்டிருக்கும். ஒன்றைக் கவனியுங்கள். சிறுநீரகத்தின் வேலை பாதியாகக் குறைந்தால் கிரியாட்டினின் சுமாராக இரண்டு மடங்காகும். போன வருஷம் 0.6 இருந்தவருக்கு இந்த வருஷம் 1.2 என்றால், எண் இன்னும் கோட்டுக்குள்தான். ஆனால் உள்ளே பாதி போயிருக்கலாம். ஒல்லியான வயதான அம்மாவுக்குத் தசையே குறைவு, அவருக்கு 1.1 கூட அதிகமாக இருக்கலாம். அதனால்தான் சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்று வயதைச் சேர்த்துக் கணக்கிட்ட ஜிஎஃப்ஆர் என்ற எண்ணையும் கேளுங்கள். 90க்கு மேல் நல்லது. 60க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் நாட்பட்ட சிறுநீரக நோய். 15க்குக் கீழே செயலிழப்பு. பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

அப்படியானால் முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி?

இருக்கிறது, விலையும் குறைவு. சிறுநீரில் ஆல்புமின் பார்ப்பது. நூல்கண்டுச் சுருள் பழுதாகும்போது முதலில் கசிவது இந்தப் புரதம். கிரியாட்டினின் அசைவதற்குப் பல வருஷம் முன்பே தெரியும். சாதாரண காகிதப் பட்டையில் பிடிபடாத அளவைக்கூட "ஆல்புமின் கிரியாட்டினின் விகிதம்" என்ற பரிசோதனை பிடித்துவிடும், 30க்குள் இருக்க வேண்டும். நிறையக் கசிந்தால் சிறுநீரில் சோப்பு நுரை மாதிரி நுரைத்து, தண்ணீர் ஊற்றினாலும் சீக்கிரம் கலையாது. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள எல்லோரும் வருஷத்துக்கு ஒரு முறை இதைச் செய்துகொள்ள வேண்டும் என்று கைகூப்பிக் கேட்கிறேன். சர்க்கரைக்கு மாதாமாதம் விரலைக் குத்திக்கொள்பவர்கள்கூட இதைக் கேட்டு வாங்குவதில்லை.

சர்க்கரை எப்படிச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது?

ரத்தத்தில் சர்க்கரை 180ஐத் தாண்டினால் குழல்களால் முழுவதையும் உள்ளே இழுக்க முடியாது. சிறுநீரில் வழியும். அந்தக் காலத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துக் கண்டுபிடித்தது இதைத்தான். வருஷக்கணக்கில் சர்க்கரை கூடவே இருந்தால் நூல்கண்டுச் சுருளின் சுவர் தடித்துக் கிழிந்த சல்லடையாகிவிடும். கூட ரத்த அழுத்தமும் சேர்ந்தால் இன்னும் வேகமாக. இழந்த நெஃப்ரான் மறுபடி முளைக்காது.

ஒரு சின்னக் குறிப்பு: சர்க்கரை நோய்க்கு டபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீரில் சர்க்கரை நிறையக் காட்டும். அந்த மாத்திரையின் வேலையே அதுதான், சிறுநீரகத்துக்கும் நல்லது. ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறி நிறுத்திவிடாதீர்கள்.

சிறுநீர் பிரிப்பதைத் தவிர வேறு வேலை உண்டா?

உண்டு. எலும்பு மஜ்ஜையைச் சிவப்பணு உண்டாக்கச் சொல்லும் ஹார்மோன் இங்கிருந்துதான் போகிறது. அதனால்தான் சிறுநீரக நோயாளிகள் வெளிறிப்போய், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறார்கள். வைட்டமின் டியை உடம்பு பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றுவதும், ரத்தத்தின் அமிலத்தைச் சமன் செய்வதும், ரெனின் என்ற சுரப்பின் மூலம் ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதும் இதன் வேலைதான்.

வலி மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்பது உண்மையா?

உண்மை. என் அப்பா மூட்டு வலிக்கு ஒரு மருந்துக்கடையில் சீட்டே இல்லாமல் டைக்ளோஃபெனாக் வாங்கி நான்கு வருஷம் சாப்பிட்டார். தெரிந்த கடை, கேட்டதும் கொடுத்தார்கள். நான் லேபில் வேலை பார்த்தும் என் வீட்டுக்குள் நடந்தது எனக்குத் தெரியவில்லை. கால் வீங்கியதும்தான் ரத்தம் எடுத்துப் பார்த்தேன், கிரியாட்டினின் 2.8. இந்த வகை மாத்திரைகள் நூல்கண்டுச் சுருளுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயைச் சுருக்கிவிடும். ஓரிரு நாள் சாப்பிடுவது வேறு. வருஷக்கணக்கில், அதுவும் சர்க்கரையும் அழுத்தமும் இருப்பவர், தண்ணீர் குறைந்த வெயில் காலத்தில் சாப்பிடுவது வேறு. என்ன கலந்திருக்கிறது என்று சொல்லாமல் கொடுக்கும் பொடி, பற்பம் எதையும் அதே ஜாக்கிரதையோடு பாருங்கள்.

ஒரே சிறுநீரகத்தோடு வாழ முடியுமா?

முடியும். பிறவியிலேயே ஒன்று மட்டும் உள்ளவர்கள் பலர் ஸ்கேன் எடுக்கும் வரை தெரியாமலே இருக்கிறார்கள். இருப்பது கொஞ்சம் பெருத்து வேலையைக் கூட்டிக்கொள்ளும். அதனால்தான் ஒருவர் இன்னொருவருக்குத் தானம் கொடுக்க முடிகிறது. 1954இல் பாஸ்டனில் இரட்டைச் சகோதரர்களிடையே நடந்ததுதான் வெற்றிபெற்ற முதல் மாற்று அறுவை. புதியதை அடிவயிற்றின் ஓரத்தில் வைப்பார்கள், பழையவற்றைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு மூன்று இருக்கும்.

டயாலிசிஸ் என்றால் வாழ்க்கை முடிந்ததா?

இல்லவே இல்லை. செயலிழந்த சிறுநீரகத்துக்குப் பதிலாக இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்வதுதான் டயாலிசிஸ். 1943இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, செலோபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி, நடைமுறையில் பயன்பட்ட முதல் இயந்திரத்தைச் செய்தார். இன்றைக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே செய்கிறார்கள், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் டயாலிசிஸ் உண்டு. வழக்கமாக வாரம் மூன்று முறை, தடவைக்கு 4 மணி நேரம். கூட்டினால் 12 மணி. நம் சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் செய்வதை அந்த 12 மணியில் ஈடுகட்டுவதால்தான் நோயாளிக்கு அன்றைக்கு அவ்வளவு களைப்பு. வீட்டுக்கு வந்ததும் தூங்க விடுங்கள். டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்துப் போட்டிருக்கும் ஃபிஸ்டுலா பக்கம் ஊசி போடவோ அழுத்தம் பார்க்கவோ யாரையும் விடாதீர்கள்.

பரிசோதனைக்குச் சிறுநீரை எப்படிப் பிடிப்பது?

காலையில் எழுந்ததும் போவது நல்லது. முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். நாங்கள் தரும் டப்பாவிலேயே பிடியுங்கள். கழுவிய ஊறுகாய் பாட்டில் வேண்டாம், அதிலிருக்கும் மிச்சம் முடிவை மாற்றிவிடும். மாதவிடாய் நாட்களில் தள்ளிப்போடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள். தூரத்து ஊர்க்காரர்கள் லேபுக்கு வந்தே பிடிக்கலாம், உள்ளே இடது பக்கம் கழிப்பறை இருக்கிறது. மூடியை இறுக்கி, டப்பாவின் மேல் பெயரையும் வயதையும் எழுதிக் கொடுங்கள்.